புரட்டாசியில் மட்டும் பழுதாகும் ஷாஃப்ட்

பணிமனைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைகளே, என் பிரிவு உபசார விழாவில் நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். “அந்தப் பழைய பேலர எப்படிங்க இத்தன வருசம் ஓட்டுனீங்க?” அன்று வாயில் லட்டு இருந்ததால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எண்ணெய் விட்டேன், கிரீஸ் அடித்தேன், தேய்ந்ததை மாற்றினேன், கிடைக்காத பாகத்தை மதுரையில் லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து கடைந்து வாங்கினேன். இதையெல்லாம் கற்றுக்கொடுக்க இன்றைக்கு வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் பேசுகிறவர்கள் என்னைவிட நன்றாகத் தலைவாரியிருக்கிறார்கள், அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். வீடியோவில் வராத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். பழைய மெஷினை ஓட்டுவதில் மெஷின் ஒரு பிரச்சினையே இல்லை. அதைச் சுற்றி நிற்கிறவர்கள்தான் பிரச்சினை.

நம் பேலர் செய்வது எளிமையான வேலை. அறுத்துக் காயவைத்த புல் வயலில் வரிசை வரிசையாகக் கிடக்கும். டிராக்டர் பேலரை இழுத்துக்கொண்டு அதன் மேல் போகும். பேலரின் முன்பக்கத்தில் சுழலும் இரும்பு முட்கள் புல்லை அள்ளி உள்ளே தள்ளும். உள்ளே ஒரு இரும்புத் தலை இடித்து இடித்து அமுக்கும். பிறகு சணல் கயிறு சுற்றி, தானே முடிச்சுப் போட்டு, பின்பக்கமாகச் செவ்வகக் கட்டாகத் தள்ளிவிடும். இத்தனைக்கும் வேண்டிய பலம் டிராக்டரிலிருந்து ஒரு சுழலும் ஷாஃப்ட் வழியாக வருகிறது. அந்த ஷாஃப்டை டிராக்டரோடு பிணைத்து வைத்திருப்பது ஒரு சின்ன இரும்புப் பின். அந்தப் பின்னை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணை இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். மன்னவனூர் பக்கத்து மேட்டில் மார்கழி தையில் உறைபனி விழுந்தால் புல்வெளி முழுக்கக் கருகிவிடும். அப்போது ஆடுகளுக்கு நாம் புரட்டாசியில் கட்டி வைத்த காய்ந்த புல்தான் சோறு. ஐப்பசி பிறந்தால் அடைமழை. ஆகவே புரட்டாசியில் மழை விடும் சில நாட்களுக்குள் அறுத்து, காயவைத்து, கட்டியாக வேண்டும். கட்டுவதற்குள் நனைந்தால் புல் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த புல்லை ஆடு மோந்து பார்த்துவிட்டு நம்மையும் ஒரு பார்வை பார்க்கும்.

நம் மேனேஜர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய்ப்பு வராமல் போகலாம். கொடைக்கானலில் ஒரு பெரிய ஓட்டலைக் கவனித்துக்கொண்டிருந்தவரைப் பண்ணை முதலாளி இங்கே கொண்டுவந்தார். பண்ணையில் விருந்தினர் தங்க அறைகள் கட்டவேண்டும் என்பது திட்டம். வந்த முதல் நாளே மேனேஜர் கொட்டகையில் பேலரைப் பார்த்தார். சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“அண்ணே, இது மெஷின் இல்ல. வின்டேஜ்” என்றார்.

அந்த வாரம் நான் பண்ணைக்காடு ஊரில் இருக்கும் என் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பேலர் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது, சக்கரங்கள் மஞ்சள். பெயின்டர் வஞ்சனை இல்லாத உழைப்பாளி. கிரீஸ் ஏற்றும் துளைகளுக்கும் சேர்த்து அடித்திருந்தார். கயிற்றை முடிச்சுப் போடும் கொக்கிகள் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கயிறு நழுவாது. அவற்றுக்கு இரண்டு கோட் அடித்திருந்தார். பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள்.

“ஓட்டுறவனும் தொடக் கூடாதா சார்?” என்று கேட்டேன்.

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். “வேல நேரத்துல தொட்டுக்கலாம்” என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்.

மண்ணெண்ணெயும் பழைய துணியுமாக உட்கார்ந்து அந்தக் கொக்கிகளைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. உங்களிடமும் யாராவது வந்து வின்டேஜ் என்று சொன்னால், பதில் பேசாமல் முதலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து வந்தது புரட்டாசி. புரட்டாசியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஐப்பசியிலும் தையிலும் வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் படங்களைப் புரட்டாசியில் எடுக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஓடுவார்கள், நிற்பார்கள், ஒருவரையொருவர் அப்போதுதான் பார்ப்பதுபோல் திரும்பிப் பார்ப்பார்கள். முன்பு வட்டக்கானல் பக்கம் பாறைகளில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டதால், ஒரு ஜோடி தலையை நீட்டினால் பின்னால் இன்னொரு ஜோடி வந்துவிடுகிறதாம். அதனால் நம் மேல்மலைக்கு ஏறிவிட்டார்கள். நம் மேனேஜர் விட்டுவிடுவாரா?

நாம் புல் கட்டும் மாதமும் அவர்கள் படம் எடுக்கும் மாதமும் ஒன்றாகப் போனது இப்படித்தான்.

அன்று கீழ்வயல் முழுக்கப் புல் பதமாகக் காய்ந்து கிடந்தது. வெள்ளனே பனி விலகியதும் ஆரம்பித்தால் மழைக்கு முன் முடித்துவிடலாம். ஆடுகளின் தீவனத்துக்குப் பொறுப்பு செல்வி. உங்களுக்குத் தெரிந்த செல்வியேதான், அப்போதும் இதே வாய், இடுப்பில் இதே அருவாள். முந்தைய வருஷம் புல் நனைந்துவிட்டது. தை மாதத்தில் தாய் ஆடுகளுக்குப் பால் வற்றி, அவள் பெயர் வைத்து வளர்த்த குட்டிகள் சில செத்துப்போயின. அந்தக் குட்டிகளை அவளே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தாள். அதனால் அன்று விடிந்ததிலிருந்து அவள் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, கெழக்க பாத்தீகளா? கருக்கிட்டுக் கெடக்கு. வெரசா ஆரம்பிங்க” என்றாள்.

டிரைவர் தவசி டிராக்டரில் ஏறினான். அப்போது மேட்டுப் பாதையில் இரண்டு வேன்கள் வந்து நின்றன.

மதுரைப் பக்கத்துக் குடும்பம். பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா, அலங்காரம் செய்கிறவர், கேமராக்காரர், கேமராக்காரரின் குடையைப் பிடிப்பவர், இவர்களுக்கு முன்னால் நம் மேனேஜர்.

“கொஞ்ச நேரந்தான் அண்ணே. ஷூட் முடிஞ்சதும் ஃபீல்டு உங்களுது” என்றார். வயல் அதுவரை யாருடையது என்று நான் கேட்கவில்லை.

கேமராக்காரருக்குப் பேலரைப் பார்த்ததும் பிடித்துப்போனது. “மெஷின் ஓடணும். புல்லு பறக்கணும். மேடம் அது முன்னாடி நின்னு துப்பட்டாவக் காத்துல விடணும்” என்றார்.

முன்னாடி என்று அவர் காட்டிய இடம் சுழலும் முட்களுக்கு நேர் எதிரே. பெண் போட்டிருந்தது தரையைக் கூட்டும் பாவாடை. துப்பட்டா நான்கைந்து முழம் இருக்கும். சிவப்பு, ஓரமெல்லாம் சரிகையும் கல்லும். அது நழுவாமல் இருக்க, அலங்காரக்காரர் தோளில் வரிசையாக ஊக்குக் குத்தியிருந்தார்.

“சார், ஓடுற மெஷின் பக்கத்துல நான் வேட்டி கட்டிக்கிட்டுக்கூடப் போறதில்ல. இது வேணாம்” என்றேன்.

“ரெண்டே நிமிஷம் அண்ணே. ஏதாச்சும் மாட்டுனா உடையிற போல்ட் ஒண்ணு இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?”

சொன்னது உண்மை. கல்லோ கட்டையோ உள்ளே போனால் அந்தப் போல்ட் தானே ஒடிந்து மெஷினைக் காப்பாற்றும். காப்பாற்றுவது மெஷினை மட்டும். மனிதக் கை போனால் அது ஒடியாது, அதை ஒடிக்கும் அளவுக்கு நம் எலும்பு கெட்டியில்லை. இதைச் சொன்னேன். பெண்ணின் அப்பா முகம் சற்று மாறியது.

மேனேஜர் உடனே, “சார், நத்திங் டு வொரி. ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி நான் எடுத்துக்கிறேன்” என்றார்.

ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால், அந்தச் சமயம் அவருடைய கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் மேனேஜரின் கை பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

நான் அங்கேயே நின்று முடியாது என்று சாதித்திருக்கலாம். சாதித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மேனேஜர் என்னை விட்டுவிட்டுத் தவசியைப் பார்ப்பார். தவசி தற்காலிக வேலையில் இருந்தவன், நிரந்தரம் ஆவதற்கு மேனேஜரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தவன். ‘போடுப்பா’ என்றால் போட்டுவிடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே என் மறுப்பு என் மனசாட்சிக்கு உதவும், அந்தப் பெண்ணுக்கு உதவாது.

“சரி சார், ஒரு தடவ கிரீஸ் பாத்துக்கிறேன்” என்று டிராக்டருக்குப் பின்னால் குனிந்தேன். பின்னை உருவினேன். ஷாஃப்டைக் கழற்றித் தரையில் சாய்த்தேன். பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“ஷாஃப்ட் போயிருச்சு சார்.”

“போயிருச்சா? இப்பவா?”

“பழசுல்ல சார். சொல்லிக்கிட்டா போகும்.”

மேனேஜரைவிடச் செல்விதான் அதிர்ந்துபோனாள். “என்னண்ணே சொல்றீக? இன்னைக்கா போகணும்? புல்லு பூராம் கெடக்கே!” அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் அத்தனை பேர் முன்னால் அவளிடம் என்ன சொல்வது? அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பை கனத்துத் தொங்குவதைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

“இந்தச் சனியன் எப்பவும் இப்படித்தேன் சார். ஆளு கூடுனா மக்கர் பண்ணும்” என்றாள். பொய் சொல்வதில் என்னைவிட அவள் கெட்டிக்காரி.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் படிப்பில் இதற்குப் பாடம் இருக்காது. மெஷினில் வரும் கோளாறுகளைச் சரிசெய்வது பாதி வேலைதான். எந்த நேரத்தில் கோளாறு வரவேண்டும் என்று முடிவு செய்வதும் நம் வேலை.

கேமராக்காரர் விடவில்லை. “கொஞ்சமாவது அசையணும்ங்க. இல்லைன்னா ஸ்டில் மாதிரி இருக்கும்” என்றார்.

முடிச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க, பேலரின் பெரிய சக்கரத்தை நாம் கையால் சுற்றிப் பார்ப்போம் அல்லவா? அதைச் சொன்னேன். மெதுவாகத்தான் சுற்றும், முட்களும் மெதுவாக அசையும், வேண்டும்போது நிறுத்திவிடலாம். வேகத்தைப் பிறகு எடிட்டிங்கில் கூட்டிக்கொள்ளலாம் என்று கேமராக்காரர் ஒப்புக்கொண்டார். சக்கரத்தை மாப்பிள்ளையே சுற்றட்டும், மாஸாக இருக்கும் என்றார். மாப்பிள்ளை அப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டார்.

நான் காலால் தரையில் ஒரு கோடு கிழித்தேன். “அம்மா, இந்தக் கோட்டத் தாண்டி வராதீங்க” என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுச் சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் தலையாட்டினாள். பாவம், நல்ல பெண்.

“ஒரு ஸ்டெப் முன்னாடி மேடம்” என்றார் கேமராக்காரர். “சார், இன்னும் ஃபோர்ஸா சுத்துங்க. இன்னும் ஒரு ஸ்டெப் மேடம்.”

“கோடு!” என்று கத்தினேன். மேனேஜர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். சவுண்ட் ரெக்கார்ட் ஆகிறதாம்.

மேட்டுக் காற்று யார் பேச்சையும் கேட்பதில்லை. துப்பட்டா அழகாக மேலே எழுந்தது, விரிந்தது, திரும்பியது, போய் முள்ளில் மாட்டியது. முட்கள் அதை அமைதியாக உள்ளே இழுக்க ஆரம்பித்தன. மறுமுனை தோளில் ஊக்குக் குத்தியிருக்கிறது. பெண் தோள் முன்னே போய், அப்படியே மெஷினை நோக்கிக் குனிந்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

“சூப்பர் எக்ஸ்பிரஷன் மேடம்!” என்றார் கேமராக்காரர்.

மாப்பிள்ளை பயந்துபோய்ச் சக்கரத்தைக் கைவிட்டார். ஆனால் அது கனமான சக்கரம், கையை எடுத்தால் உடனே நிற்காது. நான் இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நின்றது. இன்றைக்கும் மழை வந்தால் என் தோள் வலிக்கிறது. நின்றபோது பெண்ணின் முகத்துக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. செல்வி ஓடிவந்து இடுப்பு அருவாளை உருவித் துப்பட்டாவை ஒரே வெட்டாக வெட்டினாள். பெண் பின்பக்கமாகப் புல்லில் விழுந்தாள்.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மாப்பிள்ளையைத் திட்டிவிட்டேன். அவர் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெண்தான் முதலில் பேசினாள்.

“கையால சுத்துனதுக்கே இப்படின்னா, டிராக்டர்ல போட்டிருந்தா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டேன். பெண்ணின் அப்பா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், “எல்லாருக்கும் ஜூஸ் கொண்டாங்கப்பா” என்றார்.

அவர்கள் வேனில் ஏறி விருந்தினர் வீட்டுக்குப் போனதும் செல்வி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். “பையில இருக்குறத எடுங்கண்ணே. மழ வருது.”

பின்னை மாட்டினேன். உள்ளே போன துணித் துண்டைத் தேடி எடுக்க நேரமில்லை. தவசி டிராக்டரை எடுத்தான். அன்று அவன் ஓட்டியதைப் போல் அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை. செல்வியும் ஆட்டுக்கொட்டகைப் பெண்களும் கட்டு விழ விழத் தூக்கினார்கள். கடைசி இரண்டு வரிசை நனைந்தது. மற்றதெல்லாம் கொட்டகைக்குள் போய்விட்டது. கூரைக்குக் கீழே நின்று மழையைப் பார்த்தபோது செல்வி சிரித்தாள். எனக்கு அந்த வருஷச் சம்பளம் அதுதான்.

மார்கழியில் பனி விழுந்து மேடெல்லாம் கருகிய பிறகு, ஒரு நாள் செல்வி பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு சிவப்புத் துணி. கொட்டகையில் ஒரு கட்டைப் பிரித்திருக்கிறாள், நடுவில் அது இருந்திருக்கிறது. டிராக்டர் வேகத்தில் இடிபட்டுத் துணி அட்டை மாதிரி தட்டையாகி இருந்தது. ஓரத்துக் கற்கள் எல்லாம் மாவாகிப்போயிருந்தன.

“கல்லு பாருங்கண்ணே” என்றாள்.

அந்தத் துணி மேனேஜரின் கண்ணில் பட்டது. அவர் அதை வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கீழே ‘காதல் முடிச்சு’ என்று எழுதி வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, நீங்களும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்திருப்பீர்கள். கேமராக்காரரும் சும்மா இருக்கவில்லை. துப்பட்டா பறந்து போய் முள்ளில் மாட்டும் வரை வைத்துக்கொண்டு, பெண் குனிந்ததை வெட்டிவிட்டு, புல்லாங்குழல் இசையோடு அதைப் போனில் உலவவிட்டிருந்தார். பார்த்தவர்களெல்லாம் எவ்வளவு அழகு என்றார்கள்.

அடுத்த புரட்டாசி பிறந்தது. மேனேஜர் ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்கு வந்தார்.

“அண்ணே, வரிசையா புக்கிங். எல்லாருக்கும் அதே துப்பட்டா சீன் வேணுமாம். இந்தத் தடவ கையால எல்லாம் வேணாம், டிராக்டர்லயே போட்டு ரியலா பண்ணிரலாம்.”

நான் குடித்துக்கொண்டிருந்த காப்பியை முடித்தேன்.

“ஷாஃப்ட் போயிருச்சு சார்.”

“மறுபடியுமா? எப்ப சரியாகும்?”

“ஐப்பசி பொறந்ததும் சரியாயிரும் சார்.”

அவர் ரொம்ப வருத்தப்பட்டார். பிறகு வந்தவர்களிடம், வின்டேஜ் மெஷின் என்றால் அப்படித்தான், அதற்கென்று ஒரு மூட் உண்டு என்று பெருமையாகச் சொல்லிச் சமாளித்தார். அவர்கள் ஓடாத பேலரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஓய்வுபெறும் வரை ஒவ்வொரு புரட்டாசியும் ஷாஃப்ட் போனது, ஒவ்வொரு ஐப்பசியும் சரியானது. அதே புரட்டாசிகளில் கொட்டகையில் புல் கட்டுகள் கூரை முட்ட ஏறிக்கொண்டும் இருந்தன. ஷாஃப்ட் இல்லாத மெஷினிலிருந்து அத்தனை கட்டு எப்படி வருகிறது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

இதை அவர் படித்துவிடுவாரோ என்று பயப்படாதீர்கள். படம் இல்லாத எதையும் அவர் படிப்பதில்லை. புரட்டாசி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, புக்கிங் ஆரம்பித்திருக்கும். வேன் மேட்டில் திரும்பும் சத்தம் கேட்டதும் பின்னை உருவிவிடுங்கள். எங்கே வைப்பது என்று செல்விக்குத் தெரியும்.